ராத்திரி முழுக்க ஆழ்கடலில் தூண்டில், முதல் தடவை. எப்படித் தயாராவது?

கரைக்கோமாளி:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன், ஆனால் எல்லாமே கரையில் நின்றுதான். முட்டுக்காடு, கோவளம், பட்டினப்பாக்கம் பக்கம் அடையாறு முகத்துவாரம், லீவு கிடைத்தால் பழவேற்காடு. இதுவரை பிடித்ததில் பெரியது கோவளத்தில் மாட்டிய இரண்டரை கிலோ கொடுவா. அந்தப் போட்டோவை இன்னும் டிபியிலிருந்து எடுக்கவில்லை என்று வீட்டில் கிண்டல்.

விஷயம் என்னவென்றால், பிப்ரவரி முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறான். அவன் அங்கே படகில் போய் ஜிக்கிங் (கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கி, சுண்டிச் சுண்டி இழுப்பது) செய்து பழகியவன். அவனும் நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு பேசியிருக்கிறோம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, ராத்திரி முழுக்கக் கடலிலேயே இருந்து, ஞாயிறு காலை ஒன்பது பத்து மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். நாற்பதடிப் படகு, படகுக்காரர்கள் மூன்று பேர், நாங்கள் நாலு பேர். முப்பது பாகத்தில் ஒரு பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது, அங்கே கூட்டிப் போகிறேன் என்றார் படகு டிரைவர். பாகம் என்றால் என்ன என்று கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு பாகம் கிட்டத்தட்ட ஆறடியாம்.

என்னிடம் இருப்பது எட்டடி ராடும் 2500 அளவு சின்ன ரீலும். அது போதுமா, இல்லை மறுபடி கடைக்குப் போகணுமா? அடுத்தது, எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்றே தெரியாது. போன வருடம் கோவளத்தில் பைபர் படகில் ஒரு மணி நேரம் போனதற்கே வாயில் எச்சில் ஊறித் தலை கிறுகிறுத்தது, வெளியே சொல்லாமல் சமாளித்தேன். இன்னொரு கேள்வி என்னுடையது இல்லை, மனைவியுடையது. "நடுக்கடல்ல ஏதாவது ஆனா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் படகுக்காரர் பார்த்துக்குவார்" என்றேன். சொன்ன எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.


வஞ்சிரக்கிறுக்கன்:

உங்கள் வீட்டம்மா கேட்டதுதான் முதல் கேள்வி, ராடு எல்லாம் கடைசி.

நான் முதல் தடவை ராத்திரிக் கடலுக்குப் போனபோது இருபதாயிரம் கொடுத்து ரீல் வாங்கினேன், படகில் எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று கேட்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு இன்ஜின் நின்றது. அப்போதுதான் எண்ணினோம், ஒன்பது பேருக்கு நாலு ஜாக்கெட், அதில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. டீசல் ஃபில்டரில் குப்பை அடைத்திருந்தது, முக்கால் மணியில் சரி செய்துவிட்டார்கள். ஆனால் இன்ஜின் இல்லாத படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி எப்படி உருளும் என்று அந்த முக்கால் மணியில் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு வாய் கூசாமல் எல்லாம் கேட்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, போனில் இல்லை, பகலில் நேரில் போய்ப் படகில் ஏறிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறதா, போட்டுப் பார்த்தால் வார் பூட்டுகிறதா. விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா, ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 16ஆம் சேனல், அதை டிரைவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, உங்களில் ஒருவராவது அந்த ரேடியோவில் எதை அழுத்திப் பேசுவது என்று கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடிபட்டு விழுவது டிரைவராகவே இருக்கலாம். இஸ்ரோ வடிவமைத்த ஆபத்துச் சமிக்ஞைக் கருவி ஒன்று உண்டு, டேட் என்பார்கள், பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகும். அது படகில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு எண், இன்ஷூரன்ஸ், வெளியாள் ஏற்ற அனுமதி, இதையும் கேளுங்கள். மூஞ்சியைச் சுளித்தால் வேறு படகு பாருங்கள். எல்லோரும் அசல் ஆதார் எடுத்துப் போங்கள், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் நிறுத்திக் கேட்பது சாதாரணம்.

வீட்டம்மாவுக்குப் பதில்: கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093. ஆனால் இந்த எண்கள் உங்கள் போனில் இருந்து புண்ணியமில்லை, கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினால் போன் வெறும் டார்ச் லைட்தான். எண்கள் அவர் போனில் இருக்க வேண்டும். படகின் பெயர், பதிவு எண், டிரைவரின் பெயர், கிளம்பிய இடம், போகிற பக்கம், திரும்பும் நேரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால், எத்தனை மணி வரை காத்திருந்துவிட்டுப் போன் போட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

அப்புறம் மச்சானிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கார்மின் இன்ரீச் மாதிரி கருவிகளைப் பையில் வைத்திருப்பார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது, சாட்டிலைட் போனும் அப்படியே. ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொண்டால் மீன்பிடிப் பயணம் மீனம்பாக்கத்தோடு முடிந்துவிடும்.

வானிலை: ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பு தினமும் போடுகிறது, சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அலை உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றரை மீட்டர் அலை பன்னிரண்டு வினாடிக்கு ஒன்று உருண்டு வந்தால் படகு ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். அதே ஒன்றரை மீட்டர் ஐந்து வினாடிக்கு ஒன்று வந்தால் குடலைப் பிடுங்கிவிடும். தை மாதத்தில் வாடைக்காற்று இன்னும் முழுதாக ஓய்ந்திருக்காது, அதனால் வேறு ஒரு சனிக்கிழமையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராடு. உங்கள் 2500 ரீலில் முப்பது பாகத்தில் ஒரு களவா மீன் கடித்தால் அது பாறைப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் மேலே நின்று சாமி கும்பிடலாம். ஆனால் அதை வீட்டில் விட்டுப் போகாதீர்கள், ராத்திரி லைட்டுக்கு வரும் கணவாய் பிடிக்க அதுதான் அருமை. அதில் கணவாய் ஜிக் போடுங்கள், வருகிற கணவாய் மற்றவர்களுக்கு இரை. ஆழத்துக்குத் தனியாக ஆறடி ஜிக்கிங் ராடு, பிஇ 3 முதல் 5 வரை (நூலின் தடிமன் அளவு) தாங்குவது, 8000 அளவு ரீல், ஐம்பது பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) முந்நூறு மீட்டர். ஐம்பத்தைந்து மீட்டர் ஆழத்துக்கு முந்நூறு எதற்கு என்று கேட்பீர்கள். நீரோட்டத்தில் நூல் சாய்ந்து போகும், பெரிய மீன் ஒரு ஓட்டத்தில் நூறு மீட்டர் உருவும், ஒரு தடவை அறுந்தால் மிச்சத்தில் மறுபடி கட்ட வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்டாக வாங்குங்கள், எத்தனை ஆழம் இறங்கியது என்று எண்ணிக்கொள்ளலாம். புதிதாக வாங்க வேண்டாம் என்றால் மச்சானிடம் இரண்டு செட் கொண்டுவரச் சொல்லுங்கள், மச்சான் வேறு எதற்கு.

ஜிக் 150 முதல் 250 கிராம் வரை, ஆளுக்கு ஐந்தாறு, பாரில் சிக்கி இரண்டு மூன்று கண்டிப்பாகப் போகும். எண்பது பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடரை (பிரெய்டின் முனையில் கட்டும் தடித்த நூல்) எஃப்ஜி முடிச்சு போட்டு வீட்டிலேயே கட்டி முடித்துவிடுங்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆடுகிற படகில் தலை குனிந்து நூலை உற்றுப் பார்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தால் அடுத்த பத்தாவது நிமிஷம் வாந்திதான். விடியற்காலையில் வஞ்சிரமும் ஷீலா மீனும் வரும், பல் பிளேடு மாதிரி, அப்போது முனையில் ஒரு ஜாண் ஸ்டீல் வயர் வேண்டும். டிராகை (மீன் இழுத்தால் நூலை நழுவவிடும் ரீலின் பிரேக்) சும்மா கையால் இழுத்துப் பார்த்து 'இருக்கட்டும்' என்று விடாதீர்கள், சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசை நூலில் மாட்டி இழுங்கள். ஐம்பது பவுண்டு நூலுக்கு ஐந்தரை, ஆறு கிலோவில் நழுவ ஆரம்பித்தால் சரி.

பாப்பிங் (மிதக்கும் கட்டை இரையை வீசி இழுப்பது) இந்தத் தடவை வேண்டாம். நூற்றைம்பது கிராம் மரக்கட்டையில் இரண்டு பெரிய மும்முள் கொக்கி, இருட்டு, ஆடுகிற தளம், பின்னால் நண்பன் காது. புரிந்திருக்கும். எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையில் ஏறினால் வந்த வழியே எடுக்கலாம். தடித்த முள்ளையும் வெட்டுகிற அளவுக்கு ஒரு நல்ல கட்டிங் பிளேயர் படகில் இருந்தே ஆக வேண்டும்.


சோடாமூடி:

தலைவா எல்லாம் சரி, வாழைப்பழம் மட்டும் எடுத்துப் போயிடாதே. படகுல வாழைப்பழம் இருந்தா மீனே கடிக்காதுன்னு வெள்ளைக்காரத் தூண்டில்காரங்க எல்லாம் நம்புறாங்க. 😄 பீர் எடுத்துப் போகலாமா என்பதுதான் என் கேள்வி.


ராயபுரத்தாள்:

@சோடாமூடி எங்கள் பக்கம் படகு பூஜை என்றாலே தட்டில் முதலில் வைப்பது ஒரு சீப்பு வாழைப்பழம். அந்தப் படகுகள்தான் டன் கணக்கில் மீன் கொண்டு வருகின்றன. நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். பீரைக் கரையில் வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி ஒன்றுக்குப் போக ஓரத்துக்கு வருகிறவர்கள்தான் கடலில் விழுகிறார்கள், குடித்தவர் ரெண்டு மடங்கு தடவை வருவார்.

நான் தூண்டில்காரி இல்லை. அப்பா முப்பது வருடம் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்றவர். நீங்கள் ரீலைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் படகுக்காரர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஓரத்தில் நின்று போவது கூடாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு பழைய பெயிண்ட் டப்பா எடுத்துப் போங்கள். வெட்கப்படாமல் நடுத்தளத்திலேயே போய், கடலில் கொட்டிவிட்டுக் கழுவி வையுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். எங்கள் தெருவில் நீச்சல் தெரிந்த, பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடந்த ஒருவர் இப்படித்தான் போனார். கூட இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எந்த இடத்தில் விழுந்தார் என்றே யாருக்கும் தெரியவில்லை. அதனால் இருட்டிய பிறகு ஜாக்கெட் போட்டபடியே இருங்கள், அதில் ஒரு விசிலைக் கட்டுங்கள், எழுந்து நடமாடும்போது பக்கத்தில் இருப்பவரைத் தட்டிச் சொல்லிவிட்டு எழுங்கள்.

தூங்குவது முறை வைத்துத் தூங்குங்கள். சென்னைக்கு வடக்கே துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று வரிசையாகக் கப்பல் வந்து போகிற இடம். கப்பல்காரனுக்கு நாற்பதடிப் படகு கண்ணிலேயே படாது, பட்டாலும் அவனால் சட்டென்று நிறுத்த முடியாது. விளக்கு அணைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிடலாம் என்று டிரைவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்களில் ஒருவர் விழித்திருங்கள். அதே மாதிரி தண்ணீரில் சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று தெரிந்தால் அது யாரோ விட்டிருக்கும் வலை. அதன் மேல் ஜிக்கை இறக்கி அறுத்துவிட்டு வராதீர்கள். அந்த வலைக்காரர் கடன் வாங்கித்தான் வலை வாங்கியிருப்பார்.

கயிறு சுருண்டு கிடக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள், நங்கூரம் இறங்கும்போது அந்தக் கயிறு காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிரெய்டு நூலைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை எலும்பு வரை அறுக்கும். எங்கள் ஆட்கள் தங்கூஸ் நூலைக் கையால் இழுப்பதைப் பார்த்து அதே மாதிரி செய்யத் தோன்றும், அவர்கள் கையில் காய்த்திருக்கும் தோல் உங்களுக்கு இல்லை.

இது ஆமை முட்டையிட வருகிற காலம், பங்குனி ஆமை மேலே மிதக்கும். ஆமையையோ அம்மணி உழுவையையோ (திமிங்கிலச் சுறா) பார்த்தால் தூண்டிலை எடுத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. தவறி ஆமை மாட்டினால் முள்ளை அறுத்தெடுத்து விட்டுவிட வேண்டும், பக்கத்தில் வைத்து செல்ஃபி எடுப்பது வேண்டாம்.

சாப்பாடு பற்றிக் கவலைப்படாதீர்கள். அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் படகில் இருக்கும், பிடித்த மீனில் நாலைப் போட்டு அவர்களே குழம்பு வைப்பார்கள். அதற்கு இணையான குழம்பை எந்த ஓட்டலிலும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், உங்களுக்கு வயிறு இடம் கொடுத்தால். குடிதண்ணீர் மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் உங்கள் கணக்கில் எடுத்துப் போங்கள். மீன் யாருக்கு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். திரும்பி வந்து கரையில் நின்று பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று. டிரைவர் 'இன்னைக்கு வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். மச்சானுக்கு ஃபிளைட் இருக்கிறது, காசு கொடுத்தாயிற்று என்று அவரை நெருக்காதீர்கள். நெருக்கினால் சில பேர் வந்தும் விடுவார்கள், அதுதான் பயம்.


எண்ணெய்க்கத்தரி:

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் மே மாதம் பிள்ளைகள் லீவில் இதே மாதிரி போகலாம் என்று இருக்கிறோம், அப்போது கடல் எப்படி இருக்கும்?


வஞ்சிரக்கிறுக்கன்:

@எண்ணெய்க்கத்தரி மே மாதம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 'நாங்க தடைக்காலத்துலயும் கூட்டிப் போவோம் சார்' என்று யாராவது சொன்னால் அவர் இன்ஷூரன்ஸ் பற்றிச் சொல்வதும் எவ்வளவு உண்மை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.


மருந்துக்கடை சித்தப்பா:

கிறுகிறுப்பு பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். நாற்பது வருடக் கடைக்காரன், இரண்டு தடவை கடலுக்குப் போய் இரண்டு தடவையும் குடல் வெளியே வந்தவன், ஆகவே இருபக்க அனுபவமும் உண்டு.

கரைக்கோமாளி தம்பி, கோவளத்தில் எச்சில் ஊறியது என்றாயே, அதுதான் முதல் அறிகுறி. கண் ஒன்றைச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்கிறது, மூளை குழம்பி வயிற்றைக் காலி செய்கிறது. அவோமின் மாதிரி மாத்திரை கடையில் கிடைக்கும், ஆனால் வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். முந்தின இரவே ஆரம்பிக்க வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும், நாக்கு வறளும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு, வேறு தினசரி மாத்திரை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது, மதுவோடு சேரவே கூடாது. ஒரு வாரம் முன்பு ஏதாவது ஒரு லீவு நாளில் வீட்டில் ஒன்று போட்டுப் பார். எவ்வளவு தூங்கி விழுகிறாய் என்று தெரிந்துவிடும், நடுக்கடலில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

வெறும் வயிற்றோடும் போகாதே, கிளம்பும் முன்பு கடையில் பிரியாணி என்றும் போகாதே. இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி, காரம் இல்லாமல். பையில் இஞ்சி மரப்பா, உப்பு பிஸ்கட், ஓஆர்எஸ் பொட்டலம். படகில் நடுவிலிருந்து பின்பக்கமாக உட்கார், முன் அணியம்தான் அதிகம் தூக்கிப்போடும். இன்ஜின் புகை வராத பக்கம், கண் தொடுவானத்தில். இருட்டிவிட்டால் தொடுவானம் தெரியாது, அப்போது கரை விளக்கோ தூரத்துப் படகு விளக்கோ ஏதாவது ஒன்றைப் பார். கேபினுக்குள் போய்ப் படுத்தால் சரியாகும் என்று தோன்றும், உள்ளே டீசல் வாடை காத்துக்கொண்டிருக்கும். வாந்தி வந்தால் எடுத்துவிடு, அடக்காதே, காற்று போகிற பக்கம் எடு.

இன்னும் இரண்டு விஷயம். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி இந்த மூன்றையும் பிடித்த உடனே ரத்தம் வடித்து ஐஸில் புதைக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமைன் உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் கடைக்கு வந்திருக்கிறார்கள் தெரியுமா. ஐஸ் பெட்டி பாதி ஐஸோடு கிளம்பட்டும். இரண்டாவது, கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை ஒரு மணி நேரம் வரை வைத்திரு, வலி இறங்கும். முதலில் குத்தாத கையை விட்டுச் சூடு பார், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. கரைக்கு வந்ததும் டாக்டரிடம் காட்டு, டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடு. பேத்தை மீன் மாட்டினால் திருப்பிக் கடலில் போடு, அது உப்புவதை வீடியோ எடுக்கிறேன் என்று அதைச் சாகடிக்காதே, சமைக்கவும் நினைக்காதே.


கரைக்கோமாளி:

அக்கா, சித்தப்பா, வஞ்சிரக்கிறுக்கன் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று நேரில் போய்ப் படகைப் பார்த்தேன். ரேடியோ இருக்கிறது, டிரைவரே ஆன் செய்து காட்டினார். ஜாக்கெட் ஐந்துதான் இருந்தது, நாங்கள் ஏழு பேர். கேட்டதும் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் பக்கத்துப் படகிலிருந்து வாங்கி வைப்பதாகச் சொன்னார். நானே இரண்டு வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவருக்கும் நிம்மதி. அவோமின் வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு சோபாவில் உட்கார்ந்தவன் ஏழு மணிக்கு எழுந்தேன்.


கரைக்கோமாளி:

போய் வந்தாயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரியே டிரைவர் போன் போட்டு "வாடை ஏறிட்டே இருக்கு தம்பி, நாளைக்கு வேணாம்" என்றார். மச்சான் குதித்தான். ராயபுரத்தக்கா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன், டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டான். அடுத்த சனிக்கிழமை கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று லீடரை வீட்டில் கட்டினேன், நாலாவதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். ராத்திரி ஏழரைக்கு முதல் மூன்றும் பாரில் போய்விட்டன, குனிந்து நாலாவதைக் கட்ட ஆரம்பித்தேன், பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. காற்று போகிற பக்கம்தான் எடுத்தேன் சித்தப்பா. அதன் பிறகு மாத்திரையும் சேர்ந்து அடித்துப் போட்டதில் பதினொரு மணி வரை பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். மச்சான் ஜிக்கில் ஆறு கிலோ பாறை மீன் ஒன்று ஏற்றினான், அதிலிருந்து இன்று வரை பேச்சை நிறுத்தவில்லை. என் பங்குக்கு 2500 ரீலில் கணவாய் பதினான்கு. விடியற்காலையில் வஞ்சிரம் ஒன்று ஜிக்கை அடித்தது, இரண்டு ஓட்டம் ஓடியது, நூல் தளர்ந்தது, பார்த்தால் லீடர் கத்தியால் வெட்டினது மாதிரி. வயர் பையில் இருந்தது. பையில்.

இதில் கொடுமை என்னவென்றால், என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி தங்கூஸில் கணவாய்த் துண்டைக் கோத்துப் போட்ட படகுக்காரர் விடிவதற்குள் பதினொரு மீன் எடுத்துவிட்டார், செப்பிலியும் களவாவுமாக. குழம்பு பற்றி அக்கா சொன்னது சரிதான், இரண்டு தட்டு சாப்பிட்டேன். பெயிண்ட் டப்பாவும் எடுத்துப் போயிருந்தோம், முதலில் சிரித்த மச்சான்தான் அதிகம் பயன்படுத்தினான்.

ஒரே ஒரு சந்தேகம். மச்சானிடம் வாங்கின ரீலை வந்ததும் குழாயைத் திறந்து நன்றாகக் கழுவி வைத்தேன். இன்றைக்கு டிராகை இழுத்தால் கரகரவென்று சத்தம் வருகிறது, விட்டு விட்டு நழுவுகிறது. அவன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறான். என்ன செய்ய?


வஞ்சிரக்கிறுக்கன்:

டிராகை இறுக்காமல் கழுவியிருப்பீர்கள். உப்புத் தண்ணீரைக் கழுவுகிறேன் என்று உள்ளே அனுப்பிவிட்டீர்கள். எப்போதும் டிராக் குமிழை முழுக்க இறுக்கிவிட்டு மெல்லத் தண்ணீர் தெளித்துக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு தளர்த்தி வைக்க வேண்டும்.

இப்போதைக்குக் குமிழைக் கழற்றி, உள்ளே இருக்கும் வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு துணி மேல் அடுக்கி, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து, டிராகுக்கு என்று விற்கும் கிரீஸை மெலிதாகத் தடவி அதே வரிசையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் மச்சானிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், சிங்கப்பூர் போய்த் தெரிந்துகொண்டால் இன்னும் மோசம்.